கழியொலியும் கட்டியறிதலும்

சந்தையிலே பானை வாங்குவார் அதனை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பர். கணீரென ஒலிப்பின் விலை பேசுவர். ஒலி மழுங்கின், கண்ணுக்குப் புலனாகாத கீறல் ஒன்று உளதெனக் கொண்டு கீழே வைத்துவிட்டு அப்பாற் செல்வர். பலாப்பழத்தைத் தட்டி அதன் பருவத்தை அறிவதும் நம் வீட்டுத் தாய்மார்க்குக் கைவந்த கலை. பிளவாமலே உள்ளிருப்பதை உணர்த்தும் தூது ஒலியாகும்.

இவ்வழக்கத்தை நோயாளியின் மார்பின்மேற் கொணர்ந்தவர் லெயோபோல்ட் அவுன்புறுக்கர் என்னும் ஒஸ்திரிய வைத்தியர். அவர் ஒரு விடுதிக்காரரின் மைந்தர். மதுப்பீப்பாய்களைத் தட்டி உள்ளிருக்கும் மட்டத்தை அறியும் முறையை இளமையிலே கண்டவர் என்பர். மார்பை விரலாற் தட்டி, எழும் ஒலியின் வேறுபாட்டால் உள்ளே நீர் கட்டியிருத்தல் முதலியவற்றை உய்த்துணரலாம் என 1761ஆம் ஆண்டில் நூல் எழுதி வெளியிட்டார். மென்மையான உடலிழையங்களுள் மறைந்து வளரும் கட்டிகளைக் கழியொலியாற் கண்டறியும் இக்கால முறை, அத்தட்டலின் வழித்தோன்றல் எனலாம்.

தமிழாசிரியராகிய நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டது வைத்தியர் தொழிலிற் புகும் கருத்தாலன்று. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வைத்தியரும் பொறியியலாளரும் பலர். அவர்க்குப் புதிதாக யாதும் நாம் கூறப்போவதில்லை. ஆயின், 'கட்டி' என்னும் சொல் செவியில் விழுந்தமாத்திரத்தே அறிவு கலங்கி நிற்போர் நம்மவருள் மிகப் பலர். அக்கலக்கத்தின் விலை யாது என்பதை நம் இல்லத்திலேயே ஒருகாற் கண்டோம். அதனைப் பின்னர்க் கூறுவோம். முதற்கண் பொருளை விளங்கிக்கொள்வோமாக.

பெயரும் பிறப்பும்

'கழி' என்பது மிகுதிப் பொருளை உணர்த்தும் உரிச்சொல் என்பதை நன்னூல் பயின்ற மாணவர் அறிவர். மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கவல்லது. அவ்வெல்லையைக் கடந்து மிக்க ஒலி கழியொலியாகும். இதனை மீயொலி என வழங்குவாரும் உளர். பெயர் இரண்டாயினும் பொருள் ஒன்றே.

நாம் கேளாத இவ்வொலியை வெளவால் நெடுங்காலமாகவே கையாண்டு வருகின்றது. இத்தாலிய அறிஞர் ஸ்பலன்சானி 1790களில், கண்ணிழந்த வெளவால்களும் தடையின்றிப் பறத்தலையும், செவியடைபட்டவை முட்டி மோதுதலையும் கண்டு வியந்தார். அவ்வியப்புக்கு விடை கிடைத்தது 1938ஆம் ஆண்டிலேயாம். அமெரிக்காவிலே கிறிபின், பியர்ஸ் என்னும் இருவர், வெளவால் எழுப்பும் கழியொலியைக் கருவியாற் பதிந்து காட்டினர். தான் எழுப்பிய ஒலியின் எதிரொலியைக் கேட்டே அஃது இருளில் வழி அறிகின்றது.

மனிதன் அவ்வொலியைப் படைக்கக் கற்றது பளிங்கின் வாயிலாக. பிரான்சிய சகோதரரான ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் 1880ஆம் ஆண்டில், குவாட்ஸ் முதலிய சில பளிங்குகளை அமுக்கினால் அவற்றில் மின்னேற்றம் தோன்றுதலைக் கண்டனர். மின்னை ஊட்டினால் பளிங்கு சுருங்கி விரியும் என்பது அடுத்த ஆண்டில் நிறுவப்பட்டது. ஆகவே ஒரே பளிங்கு ஒலிக்கும் வாயாகவும், கேட்கும் செவியாகவும் பயன்படுவதாயிற்று.

1912ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் டைற்றானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி, 1,500 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். நீருள் மறைந்திருப்பதை ஒலியால் அறிய இயலுமா என்னும் ஆராய்ச்சி அதன்பின் வலுப்பெற்றது. முதலாம் உலகப் போரிலே பகைவரின் நீர்மூழ்கிகளைத் தேடும் பொருட்டு, போல் லாங்செவின் என்பார் 1917ஆம் ஆண்டளவில் குவாட்ஸ் பளிங்காற் கழியொலிக் கருவி சமைத்தார். பின்னர் 1940களில், வார்ப்பிரும்பினுள்ளும் உருக்கினுள்ளும் மறைந்திருக்கும் வெடிப்புகளை இவ்வாறே அறியும் கருவிகள் தொழிற்சாலைகளுக்கு வந்தன. பானையின் கீறலை அறியும் விரல் இப்பொழுது இயந்திரமாயிற்று. எஞ்சியது அதனை மனிதவுடலின்மேல் வைப்பதொன்றே.

கருவி தொழிற்படுமாறு

பொதுமக்கள் 'ஸ்கான்' என வழங்கும் இச்சோதனையில், பளிங்குகள் பொருத்திய சிறு கைக்கருவி ஒன்று தோலின்மேல் வைக்கப்படுகின்றது. அது மிகக் குறுகிய கழியொலித் துடிப்பு ஒன்றை உள்ளே செலுத்தும். மென்னிழையங்களில் ஒலி செக்கனுக்குச் சராசரியாக 1,540 மீற்றர் வேகத்திற் செல்லும். ஓரிழையம் முடிந்து மற்றோரிழையம் தொடங்கும் எல்லைதோறும் ஒலியின் ஒரு கூறு தெறித்து மீளும். கொழுப்பும் தசையும் சந்திக்குமிடத்தில் மீள்வது நூற்றில் ஒரு பங்களவே. அச்சிறு பங்கைக் கொண்டே கருவி படம் வரைகின்றது.

ஒரு சதமமீற்றர் ஆழத்திலுள்ள எல்லையிலிருந்து எதிரொலி திரும்புவதற்குச் செல்லும் காலம், ஒரு செக்கனைப் பத்திலட்சம் கூறாக்கினால் அவற்றுள் 13 கூறு. 26 கூறு கழித்து வந்தால் ஆழம் இரண்டு சதமமீற்றர். இவ்வாறு காலத்தை அளந்து ஆழத்தையும், எதிரொலியின் வலிமையை அளந்து ஒளியையும் கணித்து, திரையிலே புள்ளி புள்ளியாகக் கருவி உருவமைக்கின்றது. செக்கனுக்கு ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பினும், அது ஒலிக்கும் நேரம் மொத்த நேரத்தில் நூற்றில் ஒன்றளவே. எஞ்சிய நேரமெல்லாம் செவிசாய்த்திருக்கும். சிறிது பேசிப் பெரிது கேட்கும் இவ்வியல்பு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே பாடமாகத் தகும்.

செக்கனுக்குப் பத்திலட்சம் அதிர்வு ஒரு மெகாஹேட்ஸ் எனப்படும். வயிற்றின் ஆழத்திலுள்ள உறுப்புகளுக்கு 2 முதல் 5 மெகாஹேட்ஸ் வரையுள்ள ஒலி ஏற்றது. தோலுக்கு அண்மையிலுள்ள மார்பகம், தைரொயிட்டுச் சுரப்பி என்பவற்றுக்கு 10 மெகாஹேட்ஸ் அளவும் அதற்கு மேலும் பயன்படுத்துவர். மீடிறன் கூடக் கூட நுட்பம் மிகும். ஆயின் ஒலி விரைவில் உறிஞ்சப்பட்டு ஆழம் செல்லாது. நுட்பத்தையும் ஆழத்தையும் ஒருசேரப் பெறல் அரிது.

தோலின்மேல் குளிர்ந்த களிம்பு பூசுவது ஏன் என மாணவர் வினவுவர். கருவிக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய காற்றுப் படலம் இருப்பினும், ஒலி ஏறக்குறைய முழுவதும் அங்கேயே தெறித்துவிடும். களிம்பு அக்காற்றை அகற்றுகின்றது. காற்று நிறைந்த நுரையீரலின் உட்புறமும், தடித்த மண்டையோட்டினுள்ளிருக்கும் முதியோர் மூளையும் இம்முறைக்கு எளிதில் இடங்கொடாமையின் காரணமும் இதனால் விளங்கும். காற்று ஒலியைத் திருப்பிவிடும். என்பு அதனைத் திருப்பியும் உறிஞ்சியும் தடுத்துவிடும்.

கட்டியைத் தேடிய முன்னோர்

ஒஸ்திரியரான கார்ல் டுசிக் என்னும் நரம்பியல் வைத்தியர், தலையின் ஒருபுறமிருந்து கழியொலியைச் செலுத்தி மறுபுறத்தே பெற்று, மூளைக்கட்டிகளைக் காட்டும் படங்கள் எடுத்ததாக 1942ஆம் ஆண்டில் எழுதினார். அப்படங்களில் மூளையின் உட்குழிகளெனக் கருதப்பட்டவை, மண்டையோடு இடத்துக்கிடம் ஒலியை வேறு வேறு அளவில் உறிஞ்சியதனாலாய சாயல்களே என்பது 1950களின் தொடக்கத்திற் தெளிவாயிற்று. மூடுபனியைப் புகையென மயங்கி அங்கே தீ உண்டென்றாற்போலாயிற்று அது. முன்னோடிகளுள் ஒருவர் என்னும் பெருமை அவர்க்குரியது. அம்மயக்கம் நமக்குரிய பாடம்.

இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவின் மினசோட்டாவிற் பணியாற்றிய ஜோன் வைல்ட் என்னும் சத்திரவைத்தியர், குடற்சுவரின் தடிப்பை அளக்க விரும்பி, போர்க்காலத்திலே ராடர்ப் பயிற்சிக்கென அமைந்த 15 மெகாஹேட்ஸ் கருவியொன்றைப் பயன்படுத்தினார். புற்றுநோய் பற்றிய இழையம் தரும் எதிரொலி இயல்பான இழையத்தினின்றும் வேறுபடுதலை அப்பொழுது கண்டு, 1950ஆம் ஆண்டில் வெளியிட்டார். பொறியியலாளர் ஜோன் றீட் துணையோடு, உயிருள்ளவரின் மார்பகக் கட்டிகளைத் திரையிற் காட்டும் கைக்கருவியை அமைத்து, 1952ஆம் ஆண்டிலே அப்பயனை வெளியிட்டார்.

கிளாஸ்கோ நகரத்து நிகழ்ச்சி

ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து மகப்பேற்று வைத்தியப் பேராசிரியர் இயன் டொனால்ட். போர்க்காலத்தில் விமானப்படையிற் பணிபுரிந்தமையால் எதிரொலிக் கருவிகளைப் பற்றிக் கேள்வியறிவுடையவர். 1955ஆம் ஆண்டு யூலை மாதம் 21ஆந் திகதி, சத்திரசிகிச்சையால் அகற்றப்பட்ட கட்டிகள் சிலவற்றை இரண்டு மோட்டார் வண்டிகளின் பின்பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, அண்மையிலுள்ள றென்புறூ என்னும் ஊரின் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்புநோக்கும் பொருட்டு மாட்டிறைச்சித் துண்டு ஒன்றும் அங்கே இருந்தது. உருக்கின் வெடிப்பைத் தேடும் கருவி அன்று மனிதக் கட்டிகளின்மேல் வைக்கப்பட்டது. நீர் நிறைந்த சூலகக் கட்டி, முன்சுவரிலும் பின்சுவரிலும் மாத்திரம் எதிரொலித்து, நடுவே வெறுமை காட்டியது. கருப்பையின் தசைக்கட்டியோ உள்ளெங்கும் எதிரொலித்து, ஆழம் செல்லச் செல்ல மங்கியது. நீரும் திண்மமும் தத்தம் இயல்பைத் தாமே அறிவித்தன.

பின்பு ஒருநாள், வயிறு மிகப் பருத்த பெண்மணி ஒருவரைப் பார்க்குமாறு டொனால்ட் அழைக்கப்பட்டார். ஊடுகதிர்ப் படத்தைக் கொண்டு, இரைப்பையிற் புற்றுநோய் முற்றியதெனவும், அதனால் வயிற்றில் நீர் கோத்ததெனவும் வைத்தியர் முடிவு செய்திருந்தனர். சத்திரசிகிச்சைக்கு இடமில்லை எனக் கைவிடப்பட்டவர் அவர். டொனால்டும் அவர்தம் துணைவரும் கழியொலிக் கருவியை வைத்தபோது, வயிற்றிற் பரந்து கிடக்கும் நீரின் குறி தோன்றவில்லை. தெளிந்த எல்லையுடைய பெருங்கட்டி ஒன்றின் குறியே தோன்றிற்று. வயிற்றைத் திறந்தனர். அஃது சூலகத்தில் எழுந்த தீங்கற்ற நீர்க்கட்டி. அதனை அகற்றினர், அப்பெண்மணி பிழைத்தார். டொனால்ட், மக்விக்கார், பொறியியலாளர் பிறவுன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை 1958ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆந் திகதி 'லான்செற்' என்னும் வைத்திய இதழில் வெளிவந்தது. வயிற்றுக்கட்டிகளைக் கழியொலியால் ஆராய்தலே அதன் பொருள்.

அப்பெண்மணியைக் கைவிட்டவர் கொடியவரல்லர், கற்றவரே. அவர் செய்த பிழை, இன்னும் ஒரு வினா எஞ்சியிருக்கும்பொழுதே விடையை முடித்துக் கொண்டமை.

காட்சியா, கருதலா?

அளவைநூலார் அறிவு பெறும் வாயில்களைக் காட்சி, கருதல், உரை என வகுப்பர். கழியொலித் திரையைப் பார்ப்பார் அதனைக் காட்சி என மயங்குவர். அஃது அன்று. திரையில் தோன்றுவது உறுப்பன்று. எதிரொலி வந்த காலத்தைக் கொண்டு கருவி வரைந்த கணக்காகும். ஆகவே அது கருதலளவையின்பாற் படும். புகை கண்டு தீ உண்டென்பதுபோல, குறி கண்டு பொருளை உய்த்துணர்தல் வேண்டும்.

குறிகள் சில வருமாறு. உள்ளே முற்றும் கருமை, மெல்லிய சுவர், பின்புறத்தே மிக்க ஒளி என்பன எளிய நீர்க்கட்டிக்குரியவை. நீர் ஒலியை மிகக் குறைவாகவே உறிஞ்சுதலின், அதனைக் கடந்து செல்லும் ஒலி வலிமை குன்றாது சென்று பின்புறத்தை ஒளிரச் செய்கின்றது. பித்தப்பைக் கல்லோ தன் பின்னே இருண்ட நிழலை வீழ்த்தும். உள்ளெங்கும் புள்ளி புள்ளியாக எதிரொலி எழின் அது திண்மக்கட்டி. மார்பகத்துத் திண்மக்கட்டி தோலுக்கு இணையாக நீண்டு, ஓரம் மழமழப்பாக இருப்பின் தீங்கற்றதாதல் கூடும். ஓரம் கரடுமுரடாகி, அகலத்தினும் உயரம் மிக்கு, சுற்றியுள்ள இழையத்துட் கூர்க்கூராகப் புகுந்திருப்பின் புற்றுநோய் என்னும் ஐயம் வலுக்கும். இயல்பான இழைய அடுக்குகளை மதியாது குறுக்கே வளர்தல் அந்நோயின் இயல்பாதலின் அவ்வுருவம் உண்டாகின்றது.

ஒஸ்திரியரான டொப்ளர் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட தத்துவத்தைக் கொண்டு, கட்டியினுட் பாயும் குருதியோட்டத்தையும் இன்று அறிகின்றனர். 1991ஆம் ஆண்டின் பின்னர், இழையத்தைச் சிறிது அமுக்கி அது நெகிழும் அளவைக் கழியொலியால் அளக்கும் முறையும் வளர்ந்துள்ளது. கட்டி வன்மையுடையதா மென்மையுடையதா என வைத்தியர் விரலால் அழுத்தி உணர்ந்ததையே இக்கருவியும் உணர்ந்து சொல்கின்றது.

எனினும் இவையனைத்தும் குறிகளேயன்றி முடிபுகள் அல்ல. ஐயமுள்ளவிடத்துக் கழியொலியின் வழிகாட்டலோடு ஊசி செலுத்தி, சிறிதளவு இழையம் எடுத்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்குவர். கருதலைக் காட்சியால் உறுதி செய்தல் அது. கைக்கருவியைப் பிடிப்பவரின் பயிற்சியும் பொறுமையும் முதன்மை வாய்ந்தவை. ஒரே செய்யுளுக்கு வல்லோன் உரையும் மாணாக்கன் உரையும் வேறுபடுதல்போல, ஒரே கட்டிக்கு இருவர் கூறும் பொருள் வேறுபடுதலும் உண்டு.

குறையும் மிகையும்

ஜப்பான் நாட்டிலே 2007 முதல் 2011 வரை, 40 முதல் 49 வயது வரையுள்ள ஏறக்குறைய 73,000 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். ஊடுகதிர்ப் படம் மட்டும் எடுத்த பிரிவில், இருந்த புற்றுநோய்களுள் நூற்றுக்கு 77 அகப்பட்டன. கழியொலியையும் சேர்த்த பிரிவில் நூற்றுக்கு 91 அகப்பட்டன. இளவயதினரின் செறிந்த மார்பகத்தில் ஊடுகதிருக்குப் புலப்படாத கட்டிகளைக் கழியொலி காட்டிற்று. ஆயின் அதே சோதனையில், நோயில்லாத நூறு பெண்களுள் வீணே ஐயுறப்பட்டோர் தொகை ஏறத்தாழ 9 இலிருந்து 12 ஆக உயர்ந்தது. கூர்த்த செவி பொய்யொலியையும் கேட்கும்.

தென்கொரியாவில் நிகழ்ந்ததோ மிகையின் கதை. அங்கே 1999ஆம் ஆண்டில் தொடங்கிய புற்றுநோய்ச் சோதனைத் திட்டத்தோடு, சிறுதொகை பெற்றுக்கொண்டு தைரொயிட்டுச் சுரப்பியையும் கழியொலியாற் பார்க்கும் வழக்கம் பரவியது. 2011ஆம் ஆண்டில் அந்நாட்டிற் கண்டறியப்பட்ட தைரொயிட்டுப் புற்றுநோயின் வீதம் 1993இல் இருந்ததைப்போற் பதினைந்து மடங்காயிற்று. அந்நோயால் இறந்தோர் வீதமோ மாறவில்லை. வாழ்நாள் முழுவதும் தீங்கு செய்யாது கிடந்திருக்கக்கூடிய மிகச் சிறு கட்டிகளுக்காகப் பல்லாயிரவர் சுரப்பியை இழந்து, நாடோறும் மாத்திரை உண்பவராயினர். 2014ஆம் ஆண்டில் அந்நாட்டு வைத்தியர் சிலர் வெளிப்படையாக எச்சரித்தபின்னரே சத்திரசிகிச்சைகள் குறைந்தன.

கிளாஸ்கோவில் நோயாளி ஒருவர் கேளாமையால் இறக்கவிருந்தார். கொரியாவில் நலத்தோடிருந்த பலர், தேவையின்றிக் கேட்டமையால் நோயாளராயினர். கேட்க வேண்டியவிடத்துக் கேட்டலும், கேட்டதன் பொருளை அளவறிந்து கொள்ளலும் ஆகிய இரண்டுமே அறிவு.

நம் இல்லத்து நிகழ்ச்சி

நாம் ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில், நம் சின்னம்மா தம் மார்பகத்தில் ஒரு கட்டியைக் கண்டார். ஓராண்டு அதனை எவர்க்கும் உரைத்திலர். உணவு குறைந்தது, உறக்கம் கெட்டது, தாலிக்கொடியையும் காணி உறுதியையும் மகள் பெயருக்கு எடுத்துவைக்கத் தொடங்கினார். ஈற்றில் மகளே அறிந்து அழைத்துச் சென்றாள். ஸ்கான் செய்த வைத்தியர் திரையைக் காட்டி, "இது வெறும் நீர்தான் அம்மா" என்றார். ஊசியால் அந்நீரை எடுத்ததும் கட்டி மறைந்தது. அரைமணி நேரத்திற்குள் முடிந்த கருமம் அது.

"ஏன் சின்னம்மா ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என நாம் வினவியபோது, "சொன்னால் அது உண்மையாப் போயிடும் எண்டு பயமாக் கிடந்தது, தம்பி" என்றார். அன்று நாம் நகைத்தோம். இன்று நினைக்குங்கால் நகை வருவதில்லை. அக்கட்டி வேறொன்றாக இருந்திருப்பின், மறைத்த அவ்வோராண்டு அவருயிரைக் கொண்டிருக்கும். அவர் அஞ்சும் அளவிற்கு அச்சொல்லை நம் வீட்டில் வாய்விட்டுப் பேசாதிருந்த குற்றம் நம் எல்லோர்க்கும் உரியது.

ஆகவே மாணவர்காள்! உங்கள் இல்லத்தில் தாயோ, சின்னம்மாவோ, அக்காவோ, தந்தையோ உடலில் ஒரு கட்டி உண்டென மெல்லக் கூறினால், அதனைக் கேட்டும் கேளாதவர்போற் கடந்து செல்லாதீர். அவர் முகத்தை நோக்கிக் கேளுங்கள். வைத்தியரிடம் காலந்தாழ்த்தாது அழைத்துச் செல்லுங்கள். நீரென்றால் மனம் ஆறலாம். திண்மமென்றால் அடுத்த சோதனையை நாடலாம். புற்றுநோயே எனினும், சிறிதாயிருக்கும்பொழுது அறியப்பெறின் சிகிச்சைக்கு இடம் அகன்றிருக்கும். எதுவாயினும் அறியுமுன் அழுதலும் வேண்டா. அறியாது அமைதலும் வேண்டா.

பானையைத் தட்டிப் பார்த்தே வாங்கும் நாம், நம்மவர் உடலின் பொருட்டு அத்துணையேனும் வினவாதிருத்தல் தகுமோ? கல்லூரி நமக்குக் கற்பித்த கல்வியின் பயன், வீட்டில் ஒருவர் அஞ்சி நிற்கும் வேளையில் அவர் அருகே சென்று கேட்கும் அவ்வொரு வினாவில் விளங்குவதாகுக.